பதிமூணாம் நம்பர் சட்டை

நம் பாட்டிமார்கள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெயர் ராமசாமி என்றால் ராமர் கோயிலைக்கூட 'வில்லு வச்சிருக்கறவர் கோயில்' என்று சுற்றி வளைப்பார்கள். அது மரியாதை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கால்பந்துப் பைத்தியம் பிடித்த லட்சக்கணக்கான ஜனங்கள், பக்கத்து மாநிலமான மிச்சிகனின் பெயரைச் சொல்வதில்லை. 'வடக்கே இருக்கே, அந்த மாநிலம்' என்கிறார்கள். இது மரியாதை இல்லை.

2024 நவம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் கொலம்பஸில் மகள் வீட்டில் இருந்தோம். காலையில் காபி போடப் போனவள், "ஏங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கலவரமாகக் கூப்பிட்டாள். அலமாரியில் எம்.டி.ஆர். ரவா இட்லி பாக்கெட். அதில் 'எம்' எழுத்தின் மேல் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் மிளகாய்த்தூள் டப்பா, அதிலும். மைக்ரோவேவ் அவனிலும்.

"எலி மருந்து ஏதாச்சும் கலந்திருக்கா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லேம்மா. மேட்ச் வாரம். சனிக்கிழமை வரைக்கும் இந்த வீட்ல எம் கிடையாது" என்றாள் மகள், கொட்டாவி விட்டுக்கொண்டே.

ஏதோ எங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் வந்த கோளாறு என்று நினைக்காதீர்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்திலேயே அந்த வாரம் பெயர்ப்பலகைகளில் உள்ள எம்மையெல்லாம் சிவப்பு டேப்பால் அடித்துவிடுகிறார்கள். படித்தவர்கள் இருக்கும் இடம். டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையும் அங்கே 2002-ல் எம்.எஸ். படிக்க வந்தவர்தான். "அந்த எம்.எஸ்.லயும் ஒரு எம் இருக்கே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அது வேற மாமா" என்றார். என் பெயரும் எம்மில்தான் ஆரம்பம். என் நெற்றியில் டேப் ஒட்டாமல் விட்டது மாமனார் என்ற ஒரே காரணத்துக்காக.

* * *

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வதில் காலுக்கு வேலை குறைவு. பந்தும் உருண்டை இல்லை, உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர். தலையில் ஹெல்மெட், தோளில் தலையணை கட்டிக்கொண்டு பக்கத்துக்குப் பதினோரு தடியர்கள் நிற்பார்கள். தேங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருத்தன் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். மற்றவர்கள் அவன் மேல் விழுந்து அமுக்க வேண்டும். நான்கு தடவைக்குள் பத்து கஜம் நகர வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. இதைத் தவிரச் சுமார் இருநூறு விதிகள் இருக்கின்றன. மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் எனக்கு விளக்கினார். நானும் தலையாட்டினேன். கச்சேரியில் தாளம் தெரியாதவன் தொடையில் தட்டிக்கொள்வானே, அப்படி.

எனக்குப் புரிந்த சங்கதி வேறு. இது கல்லூரிப் பையன்கள் ஆடுகிற ஆட்டம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது வயது. அதைப் பார்க்க ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். மிச்சிகன் மைதானம் இன்னும் பெரிசு, 1,07,601 பேர் உட்காரலாம். நம் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு ஆடுகிற பையன்களின் அம்மா அப்பா வந்தாலே பெரிய கூட்டம்.

இந்த இரண்டு மாநிலத்துக்கும் சண்டை கால்பந்தில் தொடங்கவில்லை. 1835-ல் டொலிடோ என்கிற ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டிக்கொண்டு கிளம்பியிருக்கின்றன. யுத்தம் என்றே சரித்திரப் புத்தகத்தில் பெயர். உயிர்ச்சேதம் பூஜ்யம். மிச்சிகன் போலீஸ்காரர் ஒருவருக்குப் பேனாக்கத்திக் குத்து, அவ்வளவுதான். குத்தியவன் பெயர் டூ. ஆமாம், இரண்டு என்று அர்த்தம் வருகிற டூ தான். அவன் அண்ணன் பெயர் ஒன். பெயர் வைக்கச் சோம்பல்பட்ட அப்பா. கடைசியில் டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது. மிச்சிகனுக்கு ஆறுதல் பரிசாக வடக்கே ஒரு பெரிய காட்டைக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் காட்டில் செம்பும் இரும்பும் எக்கச்சக்கமாகக் கிடைத்தது, ஒஹாயோக்காரர்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

கால்பந்தில் முதலில் மோதியது 1897-ல். வெறியை வளர்த்தவர் என்று வுடி ஹேஸ் என்ற கோச்சைச் சொல்கிறார்கள். 1951-லிருந்து 1978 வரை ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அவர்தான் எல்லாம். மிச்சிகன் எல்லைக்குள் கார் பெட்ரோல் தீர்ந்துபோகும் நிலையில்கூட அங்கே பெட்ரோல் வாங்க மறுத்தார், எல்லை வரை காரைத் தள்ளிக்கொண்டாவது போவேன், அந்த மாநிலத்துக்கு ஒரு சென்ட் வரி கட்ட மாட்டேன் என்றார் என்பது ஐதீகம். நம்மூர் ஸ்தல புராணங்களைப் போல இதையும் ஆராயக்கூடாது. ஆராயக்கூடியது அவர் முடிவு: 1978 டிசம்பரில் ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பையன் பந்தைப் பிடித்துவிட்டான் என்று டி.வி. காமிரா முன்னால் அவனைக் குத்திவிட்டார். மறுநாள் வேலை போயிற்று. ஆனால் இன்றைக்கும் அவர் பெயரில் அங்கே தெரு இருக்கிறது. பெரியவர் தப்பு செய்தால் தெரு. பையன் செய்தால் என்ன என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

* * *

நவம்பர் 30, சனிக்கிழமை. வீடு நிறையச் சிவப்புச் சட்டை. ஒஹாயோ ஸ்டேட் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருக்கும் அணி. மிச்சிகன் அந்த வருஷம் 11 ஆட்டத்தில் 5 தோற்றிருந்தது. இருபது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று ஊரே பேசியது. முதல் மூன்று வருஷமும் மிச்சிகனிடம் தோற்றிருந்ததால் இந்த முறை வட்டியும் முதலுமாக என்று மாப்பிள்ளை கை தேய்த்துக்கொண்டிருந்தார்.

13-10. மிச்சிகன் ஜெயித்துவிட்டது. கடைசி 45 வினாடி இருக்கும்போது ஒரு உதை. (காலுக்கு வேலை குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை.) ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் பையன்கள் தங்கள் கொடியை மைதானத்தின் நடுவில் கொண்டு போய் நடப் பார்க்க, கைகலப்பு. போலீஸ் மிளகுப்பொடி ஸ்ப்ரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலைக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. என் மனைவி ரசம் சாதம் கரைத்து டம்ளரில் கொண்டு போய், "இதையாவது குடிங்க மாப்பிள்ளை, நாளைக்கு எழுந்திருக்கணும் இல்ல?" என்றாள். பத்து வயதுப் பேரன் மாடியில் அழுதுகொண்டிருந்தான். மூன்று வீடு தள்ளி இருக்கும் மிச்சிகனில் படித்த தெலுங்குக்காரர், தினமும் மாப்பிள்ளையோடு நடைபோகிறவர், அன்றைக்கு ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. நாகரிகம் தெரிந்த மனுஷர்.

மறுநாள் மாப்பிள்ளையின் ஒரே பேச்சு, கோச்சை மாற்றணும். ரயன் டே என்கிற அந்த கோச் அதுவரை ஜெயித்த ஆட்டங்கள் ஏராளம். அதெல்லாம் கணக்கில் வராதாம். வடக்கே தோற்றவன் தோற்றவன்தான். 51-வது நாள், 2025 ஜனவரி 20-ல், அதே கோச், அதே பையன்கள், நோட்டர்டாமை 34-23 என்று அடித்துத் தேசிய சாம்பியன் ஆனார்கள். அதற்குள் நாங்கள் சென்னை திரும்பிவிட்டோம். காலையில் போனில் மாப்பிள்ளை கத்திய கத்தலில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "கோச்?" என்றேன். "தெய்வம் மாமா!"

அந்தத் தெய்வத்துக்கு 2025-ல் புதுப்பித்த ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 1.25 கோடி டாலர் சம்பளம்.

* * *

நான் சொல்ல வந்தது தோற்ற மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வெளியே குளிர். காராஜில் என் ஷூவைத் துடைக்கத் துணி தேடினேன். பக்கெட்டில் ஒரு பழைய சிவப்புத் துணி கிடந்தது. பிழிந்து விரித்தால் சட்டை. முன்னாலும் பின்னாலும் வெள்ளையில் 13 என்று பெரிதாக எண். பெயர் இல்லை.

"அது கார் துடைக்கற துணிப்பா" என்றாள் மகள். "2006-லேர்ந்து. அதுக்கு முன்னாடி அவருக்கு அது தீபாவளிச் சட்டை."

2002 இலையுதிர் காலத்தில், இந்தியாவிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத எங்கள் மாப்பிள்ளை, கையிருப்பில் மூன்று வாரச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து வாங்கிய சட்டை. அந்த வருஷம் ஒஹாயோ ஸ்டேட்டில் அந்த எண்ணை அணிந்து ஓடியவன் மாரிஸ் கிளாரெட். முதல் வருஷ மாணவன். சீசன் தொடங்கும்போது வயது பதினெட்டு.

பையனுக்கு ஊர் யங்ஸ்டவுன். ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளின் ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, ஒரு பெரிய ஆலை மூடப்போவதாக அறிவிக்க, அதைத் தொடர்ந்து வரிசையாக மற்றவையும் மூடி ஊர் காலியாயிற்று. வேலை போன இடத்தில் துப்பாக்கி வந்தது. அங்கே வளர்ந்த பையன்கள் வெளியே வர ஒன்றிரண்டு வழிகள்தான், அதில் கால்பந்து ஒன்று. இவன் பள்ளியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டான். முதல் சீசனிலேயே 1,237 கஜம் ஓடினான். பந்தை வாங்கிக்கொண்டு ஆள்கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து மறுபக்கம் வருவான் என்று மாப்பிள்ளை சொல்லும்போது, திருவிழாத் தேரை வெறும் தோளால் நெம்புகிறவனைச் சொல்வது போல் இருந்தது.

நவம்பர் 23, 2002. தோளில் அடிபட்டுச் சில ஆட்டங்கள் உட்கார்ந்திருந்த கிளாரெட், மிச்சிகனுக்கு எதிராக இறங்கினான். 14-9 என்று ஒஹாயோ ஸ்டேட் ஜெயித்தது. ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். அன்று ராத்திரி வளாகத்தை ஒட்டிய தெருக்களில் கார்களைக் கவிழ்த்துத் தீ வைத்துக் கொண்டாடினார்கள். ஜெயித்ததற்கு! ஜனவரி 3, 2003-ல் மயாமியோடு தேசிய சாம்பியன் ஆட்டம். இரண்டு முறை கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் வெற்றி டச்டவுனை ஓடியவன் அவன்தான். 31-24. முப்பத்துநான்கு வருஷம் கழித்துக் கிடைத்த பட்டம்.

"என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ராத்திரி மாமா" என்றார் மாப்பிள்ளை. மகள் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணம் 2007-ல்.

அந்த ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் யங்ஸ்டவுனில் கிளாரெட்டின் நெருங்கிய நண்பன் ஒருவன் செத்துப்போனான். சவ அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறான். விண்ணப்பப் படிவம் சரியாகக் கொடுக்கவில்லை என்றது பல்கலைக்கழகத் தரப்பு. எல்லாம் கொடுத்தேன், பொய் சொல்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் வெடித்தான். போகவில்லை. ஆடினான். ஜெயித்துக் கொடுத்தான்.

பிறகு ஒரே சரிவு. 2003-ல் கார் விற்பனையாளரிடம் இரவல் வாங்கிய ஒரு காரிலிருந்து பத்தாயிரம் டாலருக்கு மேல் பொருள் திருடு போனதாகப் போலீஸில் புகார் கொடுத்தான். தொகையை ஊதிவிட்டிருந்தான். அந்த வழக்கு 100 டாலர் அபராதத்தோடு முடிந்தது. ஆனால் அதைக் கிளறப்போய், விதிக்குப் புறம்பாகச் சலுகை வாங்கியது, விசாரணையில் பொய் சொன்னது என்று பட்டியல் நீண்டு, அந்த வருஷம் முழுக்கத் தடை. சரி, கல்லூரி வேண்டாம், சம்பளம் வாங்கி ஆடுகிற என்.எஃப்.எல்.லுக்குப் போகலாம் என்றால், பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாதவனை அவர்கள் எடுக்க மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போனான். 2004 பிப்ரவரியில் ஜெயித்தான். மே மாதம் மேல்கோர்ட்டில் தோற்றான். தீர்ப்பு எழுதியவர் பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன சோனியா சோட்டோமயோர். இருபது வயதில் அங்கேயும் ஓட முடியாது, இங்கேயும் ஓட முடியாது. ஓடுவதைத் தவிர வேறு எதையும் யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

2005-ல் டென்வர் அணி எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஆகஸ்டில் அனுப்பிவிட்டது. 2006 புத்தாண்டு ராத்திரி கொலம்பஸில் ஒரு பாருக்குப் பின்னால் இரண்டு பேரைத் துப்பாக்கி காட்டி மிரட்டினான். கிடைத்தது ஒரு செல்போன். ஆகஸ்டில் நெடுஞ்சாலையில் போலீஸ் துரத்திப் பிடித்தபோது உடம்பில் குண்டு துளைக்காத கவசம், காரில் நான்கு துப்பாக்கி, பாதி காலியான வோட்கா பாட்டில். ஏழரை வருஷம் தண்டனை. மூன்றரை வருஷம் உள்ளே இருந்தான். எந்த ஊர்ச் சிறை தெரியுமா? டொலிடோ. இரண்டு மாநிலமும் படை திரட்டிக்கொண்டு போய்ப் பிடித்த அதே டொலிடோ.

"அந்த வோட்கா பாட்டில வச்சு அப்ப எத்தனை ஜோக் மாமா! ஆபீஸ்ல மெயில் மெயிலா வரும்" என்றார் மாப்பிள்ளை. "நான் சட்டையைக் கழட்டி பக்கெட்ல போட்டேன். எங்களை ஏமாத்திட்டான்."

'எங்களை' என்றார். நான் ஷூவைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி காட்டியதை யாரும் நியாயப்படுத்த முடியாது, கிளாரெட்டே நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு சட்டைக் கணக்கு இருக்கிறது. அந்த நாளில் கல்லூரிச் சட்டைகளில் பையன் பெயர் அச்சடிக்க மாட்டார்கள். பெயரை விற்றால் அவனுக்குப் பங்கு கேட்பான் அல்லவா? அதனால் எண் மட்டும். 13 என்பது யாரும் அல்ல, வெறும் எண் என்று விதி. லட்சம் பேருக்கு அது யார் என்று தெரியும். காசு பல்கலைக்கழகத்துக்கு, கடைக்கு, கம்பெனிக்கு. பையனுக்குப் படிப்பு, அறை, சாப்பாடு.

* * *

'மாணவ வீரர்' என்று ஒரு சொல் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. கேட்க என்ன அழகாக இருக்கிறது! கிரேக்கச் சிலை மாதிரி ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பந்து. அது பிறந்த கதையைக் கேளுங்கள். 1955-ல் கொலராடோவில் ஒரு சின்னக் கல்லூரியில் ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். பெண்டாட்டி, குழந்தைகள் உண்டு. வேலை பார்க்கும்போது விபத்தில் செத்தவர்களுக்குக் கிடைக்கும் நஷ்டஈடு வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். 1957-ல் கொலராடோ சுப்ரீம் கோர்ட் கிடையாது என்றது. காரணம்? கல்லூரி கால்பந்து வியாபாரத்தில் இல்லையாம். இம்மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான், இவர்கள் தொழிலாளிகள் அல்ல, மாணவ வீரர்கள் என்று எங்கும் எதிலும் எழுத வைத்தோம் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.யை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நடத்திய வால்டர் பயர்ஸ், ரிட்டயர் ஆன பிறகு 1995-ல் தன் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். நம் அதிகாரிகளும் ரிட்டயர் ஆன பிறகுதான் சுயசரிதை எழுதுகிறார்கள்.

ஒஹாயோ ஸ்டேட்டில் இன்னொரு வேடிக்கை. மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குட்டித் தங்க நிஜார் பரிசு. நிஜமாகத்தான், தாலிக்குண்டு பக்கத்தில் கோத்துக்கொள்கிற அளவு டாலர். 1934-லிருந்து வழக்கம். மிச்சிகன்காரனும் நம்மைப் போல ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் நிஜாருக்குள் விடுகிறான், பயப்படாதீர்கள் என்று அப்போதைய கோச் சொன்னதன் ஞாபகார்த்தம். 2010 டிசம்பரில் என்ன கண்டுபிடித்தார்கள் என்றால், சில பையன்கள் இந்தத் தங்க நிஜார், மோதிரம், சட்டை இவற்றையெல்லாம் கொடுத்துக் காசும் பச்சை குத்தலும் வாங்கியிருக்கிறார்கள். தனக்குக் கொடுத்த நிஜாரைத் தான் விற்கக்கூடாது என்று விதி. அடுத்த வருஷத்தின் ஐந்து ஆட்டங்களுக்குத் தடை போட்டார்கள். இந்த வருஷ முடிவில் நடக்க இருந்த பெரிய ஆட்டத்துக்கு மட்டும் தடை இல்லை; அதற்கு டிக்கெட் விற்றாயிற்று, டி.வி.க்கும் விற்றாயிற்று. தர்மம் ஜனவரிக்குப் பிறகு ஆரம்பம்.

விஷயம் முன்பே தெரிந்தும் மறைத்த கோச் ஜிம் ட்ரெஸல் 2011 மே மாதம் ராஜினாமா செய்தார். 2002 பட்டத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 2010-ல் ஜெயித்த ஆட்டங்களை ஏட்டிலிருந்து அடித்தார்கள், மிச்சிகனை 37-7 என்று வென்றது உள்பட. "நான் கண்ணால பார்த்தேன் மாமா, எப்படி இல்லேன்னு ஆகும்?" என்று மாப்பிள்ளை இன்றும் கேட்கிறார். வேதாந்தக் கேள்வி. ட்ரெஸல் பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார், யங்ஸ்டவுனில். 2025-ல் ஒஹாயோவின் துணை கவர்னர் ஆனார். பெரியவருக்குத் தெரு என்றேனே, சிலருக்குக் கோட்டையே.

* * *

2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிவிட்டது. அன்றைக்குத் தடை வாங்கிய பையன்கள் இன்றைக்கு அதே பச்சை குத்தும் கடைக்கு விளம்பரத்தில் சிரித்தே காசு பார்க்கலாம். கல்லூரி மாறுவதும் சுலபமாகிவிட்டது. இது மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. காராஜில் நின்றுகொண்டு பொருமினார்.

"எவன் கூடக் காசு குடுக்கறானோ அங்க ஓடிடறான் மாமா. போன வருஷம் இங்க, இந்த வருஷம் அங்க. லாயல்டின்னு ஒண்ணு வேண்டாமா? எங்களை மாதிரி இருபத்திரண்டு வருஷம் ஒரே டீமுக்கு இருக்கானா எவனாச்சும்?"

நான் பக்கெட்டைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "உள்ள வாங்க மாமா, குளிருது" என்றார்.

கிளாரெட் 2010-ல் வெளியே வந்தார். (இனிமேல் 'ர்' போட்டுத்தான் எழுத வேண்டும், நாற்பது தாண்டியவர்.) சிறையில் நிறையப் படித்திருக்கிறார். சொந்த ஊரான யங்ஸ்டவுனிலேயே போதையிலும் மனக்கஷ்டத்திலும் மாட்டியவர்களுக்கு உதவ 'ரெட் ஸோன்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். கல்லூரிகளுக்குப் போய்ப் பையன்களிடம் தன் கதையைச் சொல்லுகிறார். மாப்பிள்ளை அவர் பேச்சை யூட்யூபில் ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். எப்படி இருந்தது என்றேன். "நல்லாத்தான் பேசறார். முழுசாப் பார்க்கலை" என்றார்.

2025 ஜூன் மாதம் ஒரு செய்தி படித்தேன். கல்லூரிகள் பையன்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரி சுமார் 2 கோடி டாலர் வரை, என்று கோர்ட்டில் சமரசம். பழைய பாக்கியாக முன்னாள் வீரர்களுக்கும் 280 கோடி டாலர், பத்து வருஷத் தவணையில். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"எப்பலேர்ந்து ஆடினவங்களுக்கு?"

"2016-லேர்ந்து மாமா."

"அதுக்கு முன்னாடி?"

"கிடையாது." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கோர்ட்னா ஒரு தேதி வச்சுத்தானே ஆகணும்?" என்றார்.

நவம்பர் 29, 2025. மிச்சிகன் மண்ணிலேயே ஒஹாயோ ஸ்டேட் 27-9 என்று ஜெயித்துவிட்டது. ஐந்தாவது தோல்வி தவிர்ந்தது. வாட்ஸ்அப்பில் பேரன் போட்டோ வந்தது, புதுச் சிவப்புச் சட்டையில், முதுகைக் காட்டிக்கொண்டு. இந்தச் சட்டையில் எண்ணுக்கு மேலே ஒரு பையன் பெயரும் இருந்தது. அவனுக்கும் பங்கு போகிறதாம். என் மனைவி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.

"ஏன் மாப்பிள்ளை, வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசா எடுத்திருந்தா ரெண்டு மூணு வருஷம் வருமில்ல?"

"அந்தப் பிளேயர் அவ்வளவு நாள் இங்க இருப்பானா அத்தை?"